காகத்தின் இறகு மீட்டும் நாதம்

சில வாரங்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுது. பாடசாலை முடிந்து மாணாக்கர் யாவரும் வீடு திரும்பிவிட்டனர். உயர்தர வகுப்பில் சங்கீதம் பயிலும் மாணவன் ஒருவன் மட்டும் ஆசிரியர் அறை வாசலில் தயங்கி நின்றான். அன்று காலை வகுப்பிலே, ஜேர்மானிய இசைமேதை பாக் இயற்றிய சிறு உருப்படியொன்றை என் கைப்பேசியில் அவர்களுக்குக் கேட்கச் செய்திருந்தேன். ஹாப்சிகோட் என்னும் பழைய வாத்தியத்தில் வாசிக்கப்பட்ட ஒலிப்பதிவு அது.

"சேர், குறை நினையாதேங்கோ. பியானோ வந்த பிறகும் இந்தத் தகரச் சத்தத்தை ஏன் கேட்க வேணும்? என்ரை கீபோட்டிலேயே இதைவிட இனிமையா வாசிக்கலாமே!" என்றான்.

அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. முதன்முறை அவ்வோசையைக் கேட்டபோது எனக்கும் அவ்வாறே தோன்றியது. தகரக் குவளைக்குள் மணிகளைக் கொட்டிக் குலுக்கியது போன்றிருந்தது. மீண்டும் மீண்டும் கேட்ட பின்னரே செவி பழகிற்று. பழகிய பின் விட மனம் வரவில்லை. மாணவனின் கேள்வி நேர்மையானது. அதற்கு நின்ற நிலையில் இரண்டு வார்த்தையில் விடை கூறிவிட முடியாது. ஆகவே அவனுக்குக் கூறியதையும், கூற மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வாத்தியம் எத்தகையது?

ஹாப்சிகோட் பார்வைக்குப் பியானோவின் தம்பி போலத் தோன்றும். உண்மையில் அது பியானோவுக்கு மூத்தது. பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே சிறு சுத்தியல் ஒன்று எழுந்து தந்தியை அடிக்கும். ஹாப்சிகோட்டில் அடித்தல் இல்லை, மீட்டுதலே உண்டு. கட்டையை அழுத்தியதும் மெல்லிய மரத்துண்டு ஒன்று நிமிர்ந்து மேலெழுகிறது. அதன் பக்கவாட்டில் ஒரு சிறு இறகுத் தண்டு செருகப்பட்டிருக்கும். அது தந்தியைச் சுண்டிவிட்டு மேலே செல்கிறது. விரலை எடுத்ததும் மரத்துண்டு கீழே இறங்குகிறது. அப்போது இறகு தந்தியை மறுபடியும் சுண்டாதபடி, அதனைத் தாங்கும் சிறு நாக்கு பின்னே சாய்ந்து வழிவிடுகிறது. துணித்துண்டு தந்தியைத் தொட்டு ஒலியை அடக்குகிறது. இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடியும். அந்த இறகு பெரும்பாலும் காகத்தின் சிறகிலிருந்து எடுக்கப்பட்டது. நம் முற்றத்தில் சோற்றுப் பருக்கைக்குக் காத்திருக்கும் காகத்தின் இனத்துக்கு, ஐரோப்பிய அரசவைகளில் இத்தகைய பணி இருந்தது!

ஆகவே நம்மவர் ஹாப்சிகோட்டை விளங்கிக்கொள்ளப் பியானோவிடம் செல்ல வேண்டியதில்லை. வீணையிடம் செல்வதே தகும். இரண்டும் மீட்டப்படுவன. இரண்டிலும் நாதம் பிறந்த கணத்திலேயே தேயத் தொடங்குகிறது. எனினும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. வீணைக் கலைஞர் தந்தியை மெட்டின்மேல் இழுத்துக் கமகம் தருவார். மெல்லவும் வல்லவும் மீட்டுவார். ஹாப்சிகோட்டில் கட்டையை எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் ஒலி ஏறக்குறைய ஒரே அளவினதே. அப்படியாயின் உணர்ச்சியை எவ்வாறு காட்டுவது? ஒரு சுரத்தைச் சற்றே பிந்தி ஒலித்தல், ஒன்றைச் சிறிது நீட்டிப் பிடித்தல், ஒன்றிற்கும் அடுத்ததற்கும் இடையே நூலிழை மௌனம் விடுதல், சுரத்தைச் சுற்றி அலங்காரம் பின்னுதல் ஆகியவையே வழிகள். பிரான்சிய மேதை பிரான்சுவா கூப்பெரான் 1713ஆம் ஆண்டு வெளியிட்ட தம் முதல் நூலில் அவ்வலங்காரங்களுக்கெல்லாம் குறியீடுகள் தந்து அட்டவணையிட்டார். 1716இல் வாசிக்கும் முறைபற்றித் தனி நூலே எழுதினார். நம் கமகங்களுக்கு இலக்கணம் வகுத்தோரின் உழைப்பை அறிந்தவர்க்கு இது புதிதாய்த் தோன்றாது.

கிளவிகோட் என்று இன்னொரு வாத்தியமும் அக்காலத்தில் இருந்தது. அதில் கட்டையின் நுனியிலுள்ள பித்தளைத் தகடு தந்தியைத் தொட்டு, விரல் எடுக்கும்வரை அதனைத் தாங்கியே நிற்கும். விரலை மெல்ல அசைத்தால் சுரமும் அசையும். கட்டை வாத்தியங்களுள் கமகத்துக்கு மிக நெருங்கி வருவது இதுவே. ஆனால் அதன் ஒலி மிக மெல்லியது. பக்கத்து அறையிற் பேச்சுக் கேட்டாலும் அமிழ்ந்துவிடும்.

ஒரே காலம், இரு கரைகள்

ஐரோப்பிய இசையில் 1600ஆம் ஆண்டளவில் தொடங்கி 1750ஆம் ஆண்டளவில் முடியும் காலத்தைப் பரோக் காலம் என்பர். பாக், ஹாண்டெல், ஸ்கார்லாட்டி ஆகிய மூவரும் 1685ஆம் ஆண்டு என்ற ஒரே ஆண்டிற் பிறந்தவர்கள். திருவாரூரில் நம் மும்மூர்த்திகள் அவதரித்த அற்புதத்தை இது நினைவூட்டுகின்றது.

அக்காலம் நமக்குத் தொலைவானதன்று. 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றினர், 1795வரை ஆண்டனர். பரோக் காலத்தின் பெரும்பகுதி அந்த ஆட்சிக்குள் அடங்கிவிடுகிறது. வன்னிமைகளின் மீது ஒல்லாந்தர் திறை கேட்டு வந்த நாள்களிலேதான் பாக் தம் உருப்படிகளை இயற்றிக்கொண்டிருந்தார்.

இன்னுமொரு தொடர்பு உண்டு. ஹாண்டெல் பிறந்த ஊர் ஜேர்மனியிலுள்ள ஹாலே. அதே ஊரிற் கல்வி பயின்ற சீகன்பால்கு என்னும் பாதிரியார் 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கினார், தமிழ் கற்றார், அச்சகம் நிறுவினார். அவர் வழிவந்த தமிழ் லூத்தரன் திருச்சபைகளில் ஜேர்மானிய மெட்டுகளுக்குத் தமிழ்ச் சொற்கள் அமைத்து இன்றும் பாடுகின்றனர். பாக் தம் ஓகன் இசைக்கு அடிப்படையாகக் கொண்டவையும் அவ்வினத்து மெட்டுகளே. அவர் கட்டைகளில் வளர்த்த மெட்டுகளின் உடன்பிறப்புகளைச் சோழமண்டலக் கரையிலே நம்மவர் தமிழிற் பாடினர் என்பது எண்ணி மகிழத்தக்கது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு இறங்கிய அதே 1706இல் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் தம் தேவாலயத்தைக் கட்டினர். நம் நாட்டுப் போரில் அது இடிந்து கற்குவியலாயிற்று.

தஞ்சையைப் பார்ப்போம். இரகுநாத நாயக்கர் காலத்தில் வீணைக்கு 24 மெட்டுகள் நிலையாகப் பொருத்தப்பட்டன என்பது மரபு. அவர் மகன் விசயராகவ நாயக்கர் காலத்தில் வேங்கடமகி 'சதுர்தண்டிப் பிரகாசிகை' என்னும் நூலில் 72 மேளங்களைக் கணக்கிட்டுக் காட்டினார். பாக் 1722ஆம் ஆண்டு, ஒரே வாத்தியத்தில் 24 சுருதி நிலைகளிலும் வாசிக்கலாம் என்று காட்டும் உருப்படித் தொகுதியொன்றை அமைத்தார். இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். ஆயினும், ஓர் ஸ்தாயிக்குள் 12 இடங்களை வகுத்துக்கொண்ட பின் அவற்றால் ஆகக்கூடியவை யாவை என்று ஆராயும் வேட்கை இரு நிலத்திலும் எழுந்தது.

காசியில் ஒரு சந்திப்பு

வீணையும் ஹாப்சிகோட்டும் நேருக்கு நேர் சந்தித்ததுண்டா? உண்டு. காசியில் கிழக்கிந்தியக் கம்பனியின் பிரதிநிதியாயிருந்த பிரான்சிஸ் போக் என்னும் ஆங்கிலேயர் வடநாட்டு வீணையைப்பற்றி எழுதிய கடிதம், 1788ஆம் ஆண்டு கல்கத்தாவில் வெளிவந்த 'ஏசியாற்றிக் றிசேர்ச்சஸ்' முதல் தொகுதியில் இடம்பெற்றது. தம் செவியை மட்டும் நம்பாமல், வீணையை ஹாப்சிகோட்டுடன் சுருதி கூட்டி, மெட்டு மெட்டாக ஒப்பிட்டுப் பார்த்ததாக அவர் அதில் கூறுகிறார். கங்கைக் கரை வீடொன்றிலே ஒருபுறம் வீணைக் கலைஞரும் மறுபுறம் காகத்தின் இறகுமாக மாறி மாறி ஒலித்த காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்!

அவருடைய தங்கை மார்கரெட் போக், இந்தியக் கலைஞர்களை அழைத்துப் பாடச்செய்து அப்பாடல்களை ஐரோப்பியக் குறியீட்டில் எழுதிக்கொண்டார். லக்னோவில் வாழ்ந்த சோபியா பிளௌடன் என்னும் மாது, 1787, 1788ஆம் ஆண்டுகளில் கானம் ஜான் என்ற புகழ்பெற்ற பாடகியின் பாடல்களைத் தொகுத்தார். அக்கையெழுத்துப் படிகள் இன்று கேம்பிரிட்ஜ் நகர அரும்பொருட்சாலையில் உள்ளன. 1789இல் வில்லியம் ஹமில்டன் பேர்ட் என்பவர் 30 பாடல்களை ஹாப்சிகோட்டுக்கென அமைத்து 'ஓரியண்டல் மிசலனி' என்னும் நூலைக் கல்கத்தாவில் அச்சிட்டார்.

பேர்டின் நூலில் ஒரு நேர்மை உண்டு. அப்பாடல்களைத் தமக்குத் தெரிந்த தாளக்கட்டுக்குள் அடக்கப் பெரும் பாடுபட்டதை அவரே ஒப்புக்கொள்கிறார். அடங்காதவை நம் இசையின் உயிர்நிலைகள்: கமகம், ஆலாபனையின் விடுதலை, பாடகியின் மூச்சு. அடங்கியவை மெட்டின் எலும்புக்கூடு. ஆயினும் அந்த எலும்புக்கூடு இல்லையேல், அப்பாடகிகள் என்ன பாடினர் என்பதன் சுவடுகூட நமக்கு எட்டியிராது.

இந்நூலின் உருப்படிகளை இங்கிலாந்தைச் சேர்ந்த ஹாப்சிகோட் கலைஞர் ஜேன் சப்மன் வாசித்து, 2015ஆம் ஆண்டு இசைத்தட்டாக வெளியிட்டார். அவர் வாசித்தது, லண்டனில் புகழ்பெற்ற கேர்க்மன் 1772ஆம் ஆண்டு செய்த வாத்தியம்; ஹோர்னிமன் அரும்பொருட்சாலையிற் பேணப்படுவது. கல்கத்தா வரவேற்பறையொன்றில் அன்று எழுந்த நாதத்துக்கு மிக அண்மையான நாதம் இதுவே. கால வரையறைப்படி இது பரோக் காலத்துக்குச் சற்றுப் பிந்தியது. எனினும் நம்மவர் இவ்வாத்தியத்தோடு அறிமுகமாவதற்கு இதைவிடப் பொருத்தமான வாயில் வேறில்லை. பழக்கமான ஒரு மெட்டு அறியாத உடையணிந்து வருவதுபோல இருக்கும். சில இடங்களிற் புன்னகை தோன்றும். சில இடங்களிற் கண் கலங்கும்.

தென்னாட்டிலும் இதன் எதிரொலி உண்டு. சென்னைக் கோட்டையில் கம்பனிப் படையின் வாத்தியக் குழு வாசித்த மெட்டுகளைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர், அவற்றுட் பலவற்றுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வரங்கள் என்று நம் குழந்தைகள் பயிலும் அவ்வுருப்படிகளில், ஆங்கில அரச வாழ்த்தின் மெட்டும் ஒன்று. அவருடைய இளவல் பாலுசுவாமி தீட்சிதர் வயலின் கற்று, அதனை நம் வாத்தியமாகவே ஆக்கினார்.

சுருதி என்னும் புதிர்

பழைய வாத்தியத்தில் வாசித்த ஒலிப்பதிவைக் கேட்கும்போது இரண்டு மாற்றங்களைச் செவி உணரும். முதலாவது, சுருதி சற்றுத் தாழ்ந்திருக்கும். இன்றைய மேனாட்டுச் சுருதியைவிட ஏறக்குறைய அரைச்சுரம் இறக்கி வைத்து வாசிப்பது இத்துறையில் இப்போது வழக்கம். பாடகருக்கேற்பக் கட்டையை மாற்றிக்கொள்ளும் நமக்கு இது வியப்பன்று.

இரண்டாவது நுட்பமானது. ஷட்ஜத்தில் தொடங்கி அதன் பஞ்சமத்துக்குச் செல்லுங்கள். அதனையே ஷட்ஜமாகக் கொண்டு மீண்டும் அதன் பஞ்சமத்துக்குச் செல்லுங்கள். இவ்வாறு 12 முறை சென்றால், 7 ஸ்தாயி கடந்து புறப்பட்ட ஷட்ஜத்துக்கே வந்து சேர வேண்டும். ஆனால் வந்து சேர்வதில்லை! அரைச்சுரத்தில் ஏறக்குறைய கால் பங்கு மேலே நிற்கிறோம். இயற்கை வைத்த இந்த மிச்சத்தை எங்கே ஒளிப்பது என்பதே கட்டை வாத்தியக்காரரின் தீராத கவலை. வீணைக்கும் வயலினுக்கும் குரலுக்கும் இக்கவலை பெரிதன்று. அவை வேண்டிய இடத்துக்கு விலகிக்கொள்ளும். கட்டை வாத்தியமோ வைத்த இடத்திலேயே நிற்பது.

இன்றைய பியானோவும் மின் கீபோட்டும் ஆர்மோனியமும் அம்மிச்சத்தை 12 பங்காகச் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன. எல்லா இராகத்துக்கும் பொது நீதி. ஆனால் ஒன்றுக்கும் முழு நீதியில்லை. அந்தர காந்தாரம் அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்களவு ஏறியே நிற்கும். தம்புராவோடு பழகிய செவியை அது உறுத்தும். அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடைசெய்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1971இலேயே அத்தடை தளர்ந்தது. பரோக் காலத்தவர் அவ்வாறு சமமாகப் பகிரவில்லை. பெரிதும் வழங்கும் சில சுருதி நிலைகளைத் தூயனவாக வைத்து, அரிதாக வருவனவற்றில் மிச்சத்தைத் தள்ளினர். அவ்விடத்தில் நாதம் ஊளையிடுவதால் அதற்கு ஓநாய் என்றே பெயர் வைத்தனர்! ஆகவே ஒவ்வொரு சுருதி நிலைக்கும் ஒவ்வொரு முகம் இருந்தது. ஒன்று தெளிந்த நீர். ஒன்று கலங்கிய குளம். சமப்படுத்திய கீபோட்டில் அந்த முகவேறுபாடுகள் மறைந்துவிடுகின்றன.

பியானோவில் இழப்பது யாது?

மாணவனின் கேள்விக்கு இப்போது நேராக வருவோம். பாக் 1741ஆம் ஆண்டு வெளியிட்ட பெரும் படைப்பொன்று 'கோல்ட்பெர்க் மாற்றுருக்கள்' என்று வழங்குகிறது. ஒரு மெட்டு, அதன் அடித்தளச் சுரங்களின்மேல் எழுந்த 30 மாற்றுருக்கள், இறுதியில் அதே மெட்டு மீண்டும். ஒரு பல்லவியைச் சங்கதி சங்கதியாக வளர்த்து, எடுப்புக்கே திரும்புவதை ஒருவாறு ஒப்பு நோக்கலாம். அந்நூலின் முகப்பிலேயே, இரண்டு கட்டை வரிசையுள்ள ஹாப்சிகோட்டுக்கு உரியது என்று பாக் குறித்துள்ளார். வலக்கை ஒரு வரிசையிலும் இடக்கை மற்றதிலுமாக, ஒன்றையொன்று ஊடறுத்து ஓடும். பியானோவில் ஒரே வரிசை. கைகள் ஒன்றன்மேல் ஒன்று மோதும். வல்லவர்கள் சமாளிப்பர். கனடாவின் கிளென் கூல்ட் 1955இல் பியானோவில் வாசித்த ஒலிப்பதிவு உலகப் புகழ்பெற்றது. நானும் விரும்பிக் கேட்பேன். ஆனால் இரண்டு குரல்கள் இரண்டு நிறத்தில் உரையாடுவதைக் கேட்க வேண்டின், ஒல்லாந்துக் கலைஞர் குஸ்தாவ் லியோன்ஹாட் ஹாப்சிகோட்டில் வாசித்ததைத்தான் கேட்க வேண்டும். அவர் அதனைத் தம் வாழ்நாளில் மும்முறை பதிவுசெய்தார்.

இன்னொன்று. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லூயி கூப்பெரான், முன்னே கூறியவரின் பெரிய தந்தை, சில முன்னிசைகளைத் தாள அளவே குறிக்காமல் எழுதினார். சுரங்கள் மட்டும் வரிசையாய் நிற்கும். எது நீளும், எது குறுகும் என்பது வாசிப்பவர் பொறுப்பு. ஆலாபனை கேட்டு வளர்ந்த நம்மவர்க்கு, ஐரோப்பிய இசை முழுவதிலும் இதைவிட அண்மையான பகுதி கிடையாது. மீட்டிய தந்திகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேயத் தேய, அடுத்த சுரம் அந்தத் தேய்விலிருந்தே பிறக்கும்.

மறந்த வாத்தியம் மீண்ட கதை

பியானோ பரவிய பின் ஹாப்சிகோட் வீட்டு மூலைகளில் தூசியடைந்தது. பல விறகாயின. அதனை மீட்டோருள் முதல்வர் ஆர்னல்ட் டொல்மெச். கைவினையின் சிறப்பை வலியுறுத்திய வில்லியம் மொறிஸ் தந்த ஊக்கத்தால் அவர் 1896இல் தம் முதல் ஹாப்சிகோட்டைச் செய்து காட்சிக்கு வைத்தார். மொறிஸ் வழியில் வந்த வேறொருவரை நாம் நன்கு அறிவோம். கொழும்பிற் பிறந்த நம் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, மொறிஸின் அச்சியந்திரத்திலேயே தமது 'மத்தியகாலச் சிங்களக் கலை' நூலை அச்சிட்டு 1908இல் வெளியிட்டார். ஒருவர் கருவியையும் மற்றவர் கலைமரபையும் மீட்க முயன்றனர். இருவர்க்கும் ஊற்று ஒன்றே.

ஆனால் குமாரசுவாமி கிராமபோனை வெறுத்தார். 1909இல் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுதியில் அதற்கெனவே ஒரு கட்டுரை உண்டு. கலைஞன் இருக்கவேண்டிய இடத்தில் இயந்திரம் குந்திக்கொள்வதை அவர் ஏற்கவில்லை. பாடகர் பட்டினி கிடக்க, தட்டுச் சுழல்வது என்ன நாகரிகம் என்னும் கவலை நியாயமானதே. இன்று நம் கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரமும் தவிலும் ஒலிக்கவேண்டிய வேளையிலும் ஒலிபெருக்கி முழங்கக் கேட்கும்போது, அவர் வாக்கை நினையாதிருக்க முடியவில்லை. எனினும், அவர் அன்று எண்ணிப்பாராத ஒன்றைப் பின்வந்த நூற்றாண்டு காட்டிற்று. கலைஞனும் கருவியும் ஊரும் ஒருங்கே அழியும் காலமும் வரும். அப்போது பதிவு ஒன்றே மிஞ்சும்.

பீரங்கியும் இசைத்தட்டும்

வாண்டா லண்டோவ்ஸ்கா போலந்து நாட்டிற் பிறந்தவர். பாரிசுக்கு அண்மையில் வாழ்ந்தவர். 1933இல் கோல்ட்பெர்க் மாற்றுருக்களை ஹாப்சிகோட்டில் பதிவுசெய்து உலகின் செவியைத் திறந்தவர். அவர் வாசித்தது உண்மையான பழைய வாத்தியமன்று. பிளெயல் கம்பனி பியானோவைப் போல இரும்புச் சட்டமிட்டுச் செய்த கனத்த வாத்தியம். பழையவற்றை அளந்து, அவ்வாறே மரத்தாற் செய்யும் மரபு, அமெரிக்காவில் ஹபட், டௌட் என்னும் இருவர் 1949இல் பட்டறை தொடங்கிய பின்னரே வலுப்பெற்றது. ஆயினும் லண்டோவ்ஸ்கா வழிவிட்டிராவிடின் அவர்களும் வந்திரார்.

1940ஆம் ஆண்டு போர் சூழ்ந்த பாரிசில் அவர் ஸ்கார்லாட்டியின் உருப்படிகளைப் பதிவுசெய்தார். அவற்றுள் ஒன்றில், வாத்தியத்தின் பின்னே விமான எதிர்ப்புப் பீரங்கியின் வெடியோசை கேட்கிறது. அவர் நிறுத்தவில்லை, கை பிசகவில்லை, உருப்படியை முடித்தே எழுந்தார். சில மாதங்களில் வீட்டையும் வாத்தியங்களையும் பெரும் நூற்றொகுதியையும் விட்டுத் தப்பியோடினார். நாசிகள் அவற்றைக் கொள்ளையிட்டனர். 1941 டிசம்பரில் நியூயோர்க் துறைமுகத்தை அடைந்தார். 1942இல் அங்கே அதே கோல்ட்பெர்க் உருப்படியை மேடையில் வாசித்தார்.

அவரிடம் சென்று பயிலவேண்டும் என்று கனவு கண்ட சிறுமி ஒருத்தி செக் நாட்டில் இருந்தாள். பெயர் சூசானா ருஜிச்கோவா, பிறந்தது 1927இல். போர் அவளை யூதர் முகாம்களுக்கு இழுத்துச் சென்றது: தெரேசின், அவுஷ்விட்ஸ், பேர்கன் பெல்சன். பாக் இயற்றிய ஒரு சிறு உருப்படியைத் தாளில் எழுதித் தன்னுடன் எடுத்துச் சென்றாள். உயிர் மீண்டபோது, கடும் உழைப்பால் அவளுடைய கைகள் சிதைந்திருந்தன. இனி வாசிக்க முடியாது என்றனர். அவர் மீண்டும் தொடக்கத்திலிருந்து பயின்றார். 1965 முதல் 1975வரை பத்தாண்டு உழைத்து, பாக் கட்டை வாத்தியங்களுக்கு இயற்றிய படைப்புகளை ஹாப்சிகோட்டிற் பதிவுசெய்தார். 2017இல் காலமானார்.

வன்னி மண்ணில் வாழ்வோர்க்கு இவ்விரு வரலாறுகளையும் விளக்கவேண்டிய தேவையில்லை. பீரங்கி ஒலிக்கிடையே பாடம் நடத்தியோரும் படித்தோரும் நம்மிடையே உள்ளனர். எங்கள் வீட்டில் ஆர்மோனியப் பெட்டி ஒன்று இருந்தது. இசை நாடகங்களுக்கு என் பாட்டனார் வாசித்தது அது. இரண்டு கட்டைகள் ஊமை. துருத்தியில் ஓர் ஒட்டு. 2009இல் அதனை விட்டுவிட்டு நடந்தோம். திரும்பி வந்தபோது பெட்டி இருந்த அறையே இல்லை. பெட்டி போனதைவிடப் பெரிய துயரம் ஒன்று உண்டு: அவர் வாசித்த ஓசை எந்த நாடாவிலும் பதியவில்லை. அது எவ்வாறிருந்தது என்று என் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் சொற்கள் மட்டுமே உண்டு, சொற்கள் போதா.

கேட்கும் முறை

பழைய வாத்திய ஒலிப்பதிவுகளைக் கேட்க விரும்பும் இளைஞர்க்குச் சில குறிப்புகள் கூறுவேன். முதலாவது, ஒலியளவைக் குறையுங்கள். ஹாப்சிகோட் சிறு அறைக்குரிய வாத்தியம். ஓங்கி ஒலிக்க வைத்தாற் செவியைக் குத்தும். பக்கத்து அறையில் ஒருவர் வாசிப்பது போன்ற அளவே போதும். இரண்டாவது, நெடும் படைப்பிற் தொடங்காதீர்கள். ஸ்கார்லாட்டியின் உருப்படிகள் பல ஐந்து நிமிடத்துக்குள் முடிவன. அவை 555, அமெரிக்காவிற் பிறந்த ஸ்கொட் றோஸ் 1984, 1985ஆம் ஆண்டுகளில் அனைத்தையும் பதிவுசெய்தார். இருப்பினும் ஒன்றையே பத்து நாள் கேட்பது, பத்தை ஒரே நாளிற் கேட்பதைவிட மேல்.

மூன்றாவது, இடக்கையைக் கேளுங்கள். ஒரு மெட்டும் அதற்குத் துணையும் என்று கேட்டுப் பழகிய நமக்கு, இரண்டு மூன்று மெட்டுகள் சமமாக நடப்பது முதலிற் குழப்பமாயிருக்கும். முதல்நாள் மேற்குரலை மட்டும் பின்தொடருங்கள், மறுநாள் கீழ்க்குரலை, மூன்றாம் நாள் இரண்டும் தாமாகவே சேர்ந்து கேட்கும். நான்காவது, ஒரே உருப்படியைப் பியானோவிலும் பழைய வாத்தியத்திலும் கேட்டு ஒப்பிடுங்கள். எது உயர்ந்தது என்று தீர்ப்பளிக்க வேண்டா. எது எங்கே தெளிகிறது, எது எங்கே மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் வீணை தனம்மாளின் பழைய இசைத்தட்டொன்றைக் கேளுங்கள். இரைச்சலுக்கு அப்பால் உள்ள நாதத்தைத் தேடிச் செல்லும் செவி உங்களுக்கு வாய்த்திருப்பதை உணர்வீர்கள்.

அந்தச் செவி வாய்த்தால், நம்மூரை நோக்கியும் அது திரும்பும். முள்ளியவளைப் பக்கத்துக் கோவலன் கூத்தும், காத்தவராயன் கூத்தும், வற்றாப்பளைப் பொங்கலுக்குச் செல்லும் வழியெங்கும் கேட்கும் பறையும் உடுக்கும் பழைய வாத்தியங்கள் அல்லவா? தோலின் பதமும், நெருப்பிற் காய்ச்சிச் சுருதி ஏற்றும் முறையும், அண்ணாவியாரின் கைக்கணக்கும் எந்த நூலில் உள்ளன? ஐரோப்பியர் 150 ஆண்டுகள் மறந்ததை நூல்களையும் பழைய மரத்தையும் துருவித் தேடி மீட்டனர். நமக்கோ அண்ணாவிமார் சிலர் இன்னும் உயிரோடு இருக்கின்றனர். மீட்க வேண்டியதில்லை, கேட்டால் போதும்.

இவையெல்லாம் அன்று மாலை அந்த மாணவனுக்கு நான் சொன்னவற்றின் சாரம். அவன் ஒன்றும் பேசாமற் சென்றுவிட்டான். சென்ற திங்கட்கிழமை மீண்டும் வந்தான். கைப்பேசியை நீட்டி, "அப்பப்பா உடுக்கடிச்சுப் பாடினவர் சேர். நான் பதிஞ்சனான்" என்றான். மூன்று நிமிடப் பதிவு. முதியவரின் குரல் நடுங்கியது; கை நடுங்கவில்லை. இடையிலே எங்கோ ஒரு நாய் விடாது குரைத்தது.

"நாய் குரைக்கிற இடத்தை வெட்டி எடுக்கட்டோ சேர்?" என்று கேட்டான்.

"வேண்டாம், அது அந்த மாலைக்கு உரியது. அப்படியே இருக்கட்டும்" என்றேன்.